தூக்கணாங்குருவிக்கு ஒதுக்கப்பட்ட குதிரை

ஒரு காட்டில் கூடு கட்டும் காலம் வந்தபோது கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நிலைத்தன்மைச் சான்றிதழ் இல்லாத கூடுகளில் இனி யாரும் முட்டையிடக் கூடாது. போன வருஷப் புயலில் ஏழு கூடுகள் ஏரியில் விழுந்ததற்குக் காட்டு வீட்டுவசதித் துறை எடுத்த நடவடிக்கை இது. புயலுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்களா என்று தெரியவில்லை.

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் துரைக்கண்ணு என்ற தூக்கணாங்குருவி இருந்தான். கோரைப்புல்லைக் கிழித்துக் கிழித்து, அலகு தேயப் பாடுபட்டு, பாதிக் கூடு பின்னியிருந்தான். பாதிக் கூட்டைப் பெண் வந்து பார்ப்பாள், பிடித்தால்தான் மீதியைப் பின்ன வேண்டும் என்பது அந்தக் குலத்து வழக்கம். பார்க்க வந்தவள் மரகதம். நாலு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். உள்சுவரில் அப்பியிருந்த களிமண்ணைக் கொத்திப் பார்த்தாள்.

"மண்ணு எதுக்கு?"

"கனத்துக்குங்க. காத்துல கூடு புரளாது."

"நல்லாத்தான் இருக்கு. சர்டிபிகேட் எங்க?"

"வாங்கிடலாம்ங்க."

"போன வருஷம் விழுந்த ஏழுல ஒண்ணு எங்க அக்காவோடது. மூணு முட்டை. எங்க மாமாவும் 'பாத்துக்கலாம்'னுதான் சொன்னாரு." மரகதம் இன்னொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். "மழைக்கு முன்னால வாங்கிடுங்க. இல்லேன்னா அக்கரையில ரெண்டு கூடு பாத்து வெச்சிருக்கேன்."

அவள் பறந்துபோன பிறகும் கூடு ஆடிக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் ஆலமரப் பொந்திலிருந்த இ-சேவை மையத்துக்குப் போனான். அவனுக்கு முன்னால் முள்ளம்பன்றி நின்றதால், யாரும் நெருங்கி நிற்காமல் வரிசை ஏரிவரை நீண்டிருந்தது. மதியத்துக்கு மேல்தான் இவன் முறை வந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏகாம்பரம் என்ற நாரை ஒற்றைக்காலில் நின்றது.

"கூட்டோட தன்மை என்ன? இதுல நாலு வார்த்தை வருது. ஸ்டெடி, ஃபர்ம், ஃபிக்ஸ்டு, ஸ்டேபிள். ஒண்ணைச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் அர்த்தம் என்ன சார்?"

"எல்லாத்துக்கும் கெட்டின்னுதான் அர்த்தம்."

"அப்புறம் எதுக்கு நாலு?"

"இங்கிலீஷ்காரனுக்குக் கெட்டியா இருக்கிறதுல நாலு விதம் இருக்கும்போல. சீக்கிரம் சொல்லுங்க, பின்னால கரடி நிக்குது."

துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தான். கரடி நிஜமாகவே நின்றது. "முதல்ல இருக்கிறதையே போடுங்க சார்," என்றான்.

இரண்டு நாளில் ஆய்வாளர் வந்தார். அவர் ஒரு உடும்பு. மரத்தில் ஏறி, கிளையைப் பற்றிக்கொண்டு, கூட்டையே கண்கொட்டாமல் பார்த்தார். காற்று அடித்தது. கூடு இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது.

"ஆடுதே."

"காத்தடிக்குதுங்க சார்."

"காத்து என்னையும்தான் அடிக்குது. நான் ஆடுறனா? ஸ்டெடின்னா இப்படி இருக்கணும்." எழுதினார்: விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. எழுதி முடித்தும் கிளையை விட மனமில்லாமல் பொழுது சாயும்வரை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஃபர்ம் என்று போட்டார்கள். மூன்றாம் நாள் நிறுவனப் பதிவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் ஃபர்மில் பங்குதாரர்கள் எத்தனை பேர், பெண் பணியாளர்களுக்குத் தனி ஓய்வறை உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

"பங்குதாரர் இன்னும் சம்மதிக்கலைன்னு எழுதலாமா சார்?"

"எழுதினா அதுக்கு விளக்கம் கேப்பாங்க," என்றது ஏகாம்பரம். கால் மாற்றிக்கொண்டு ஃபிக்ஸ்டு என்று தட்டியது. அன்று சாயங்காலமே குறுஞ்செய்தி வந்துவிட்டது: தங்கள் புகார் ஃபிக்ஸ்டு. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

"நான் புகாரே குடுக்கலையே சார்!"

"அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் சரிபண்ணிட்டாங்க."

மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. அக்கரை மரத்துப் பக்கம் மரகதம் இரண்டு முறை பறந்துபோனதைத் துரைக்கண்ணு தன் கண்ணாலேயே பார்த்தான். கடைசியாக மிச்சமிருந்த ஸ்டேபிளைப் போட்டான். போடும்போது நம்பிக்கை எதுவும் இல்லை.

மறுநாள் மதியம் சான்றிதழ் வந்தது. சிவப்பு முத்திரை, பச்சைக் கையெழுத்து. துரைக்கண்ணு கிளையிலேயே நாலு குதி குதித்தான். ஐந்தாவது குதிக்கு மரத்தடியில் ஒரு குதிரை வந்து நின்றது.

வயதான குதிரை. முதுகில் பழைய சேணத் தழும்பு. வாயிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டேபிள் இதுதானே தம்பி?" என்றது.

"ஸ்டேபிள்தாங்க. நீங்க?"

"ராஜமாணிக்கம். போலீஸ் குதிரையா இருந்து ரிட்டையர் ஆனவன். ஏட்டு. லாயம் வேணும்னு எழுதிப்போட்டு மூணு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். இங்கிலீஷ்ல லாயத்துக்கும் ஸ்டேபிள்னுதான் பேரு. இன்னைக்குத்தான் ஒதுக்கினாங்க." அண்ணாந்து கூட்டைப் பார்த்தது. உள்ளங்கையளவு இருந்தது கூடு. "நான் உள்ளே வர முடியாதுன்னு தெரியுது. ஆனா ஆர்டர் இருக்கே."

துரைக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வார்த்தையின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஏட்டு பொறுமையாகக் கேட்டது.

"இருபது வருஷம் இங்கிலீஷ்லதான் எனக்கு உத்தரவு போட்டாங்க தம்பி. ஸ்டெடின்னா மூக்குல ஈ உக்காந்தாலும் அசையக் கூடாது. ஸ்டேபிள்னா லாயம் மட்டுமில்ல, இன்னொண்ணும் இருக்கு. எவ்வளவு ஆடினாலும் விழாம பழைய இடத்துக்கே வந்துடறது. உன் கூடு அப்படித்தானே?"

"அப்படியேதாங்க! அப்ப நான் சரியான வார்த்தையைத்தான் போட்டிருக்கேனா?"

"நீ சரியாப் போட்டிருக்கே. அவங்கதான் தப்பாப் பாஸ் பண்ணியிருக்காங்க."

"போய்ச் சொல்லிடட்டுங்களா?"

"நீ சரியாப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சா கேன்சல் பண்ணிடுவாங்க தம்பி. நானும் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் பின்னால போய் நிக்கணும்."

துரைக்கண்ணு சான்றிதழை இறக்கைக்குள் செருகிக்கொண்டான். அதற்குள் உடும்பு வந்துவிட்டார். ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டுமாம். ராஜமாணிக்கம் சட்டென்று நிமிர்ந்து, நாலு காலையும் ஊன்றி, இமைக்காமல் நின்றது. பழைய பழக்கம். உடும்பு சுற்றிச் சுற்றி வந்தார். இப்படி ஒரு அசையாமையை அவர் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. மேலே கூடு காற்றில் தாராளமாக ஆடியது. அவர் எழுதினார்: குதிரை திருப்திகரமாக உள்ளது. மேலே ஏதோ ஆடுகிறது; குதிரைக்கு இடையூறு இல்லை.

அவர் போனதும் மரகதம் இறங்கினாள். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. சான்றிதழை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதுல குதிரைன்னு போட்டிருக்கே?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மரகதம் கூட்டைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, நீங்க இங்கேயே நிப்பீங்களா?"

"ஆர்டர் இருக்கிறவரைக்கும் நிப்பேன்மா."

"நீங்க நிக்கிறப்போ பாம்பு மரத்துல ஏறுமா?"

"எங்கிட்ட அனுமதி வாங்காம எப்படி ஏறும்?"

"மீதியைப் பின்னுங்க," என்றாள் துரைக்கண்ணுவிடம். "வாசலைக் கொஞ்சம் கிழக்கே பாத்த மாதிரி வைங்க."

அந்த மழையில் கூடு எட்டுத் திசையிலும் ஆடியது. மரகதம் உள்ளே நாலு முட்டைமேல் தூங்கினாள். ராஜமாணிக்கம் கீழே நனைந்துகொண்டு நின்றது. மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் சொந்த முகவரியில் நனைகிறோம் என்பதில் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

விஷயம் பரவியது. அக்கரைப் பெண் குருவிகள் கூட்டைப் பார்ப்பதற்கு முன்பே "குதிரை இருக்கா?" என்று கேட்கத் தொடங்கின. இ-சேவை மையத்தில் எல்லோரும் ஸ்டேபிளையே போட்டார்கள். காட்டில் குதிரைகள் தீர்ந்து, கழுதைகளும் தீர்ந்தன. கடைசியாக விண்ணப்பித்த குருவிக்கு யானை ஒதுக்கப்பட்டது. யானை வந்த அன்றே மரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டதில் மரம் சாய்ந்துவிட்டது. சான்றிதழ் மட்டும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

நீதி: சரியான சொல்லை எழுதினால் மட்டும் போதாது, அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் அதிகாரியும் அமைய வேண்டும்.