பேக்கரியில் நான் வைத்த பரீட்சை

பார்த்தவுடனே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அதற்காக மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மன்னார்குடிக்காரியான எனக்கு அந்த ஊர்க் குளிரும் பிடிபடவில்லை, பேச்சும் பிடிபடவில்லை. காய்கறிக் கடையில் ஒருவர் தமிழில் விலை கேட்பார், கடைக்காரர் தெலுங்கில் சொல்வார், பக்கத்தில் நிற்கும் அம்மா கன்னடத்தில் சிரிப்பார். (கன்னடத்தில் எப்படிச் சிரிப்பார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்படித்தான் கேட்டது.) ஆனால் இன்டர்வியூவுக்கு வருகிற ஆள் நாற்காலியை இழுக்கிற விதத்திலேயே அவர் தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

எங்கள் கம்பெனியின் உதவியில், பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு நடந்தது. எழுத்திலும் கணக்கிலும் சிரமப்படுகிற பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு பேக்கிங், பேக்கரி வேலை, கவுண்டர் வேலை எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். நடத்தியவர் பர்வீன் மிஸ். நறுக்கென்று பேசுவார், அநாவசியமாகச் சிரிக்கமாட்டார். வருஷா வருஷம் கம்பெனியிலிருந்து யாராவது உதவிக்குப் போக வேண்டும். சீனியர்கள் எல்லாரும் நழுவிவிட, புதுசாக வந்த நான் மாட்டிக்கொண்டேன்.

போனவுடன் பர்வீன் மிஸ் கேட்டார், “உங்களுக்குச் சண்டை போட வருமா?”

விஷயம் இதுதான். அவருடைய மாணவர் ஒருவர் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பழகிக்கொண்டிருந்தார். வேலை நன்றாகவே ஓடியது. ஆனால் கடை முதலாளிக்கு ஒரு சந்தேகம். சும்மா இருக்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள், யாராவது வந்து கத்தினால் தாங்குமா? அதனால் முன்பின் தெரியாத ஒருவர் கஸ்டமராகப் போய்த் தகராறு செய்ய வேண்டும். சமாளித்தால் பள்ளிப் பரீட்சை முடிந்ததும் வேலை. அழுதாலோ உள்ளே ஓடிவிட்டாலோ இல்லை. வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்த முதல் கடையும் அதுதான். அது கைநழுவினால் மற்ற பிள்ளைகளுக்காக வேறு கடையில் போய்க் கேட்பதே கஷ்டம் என்றார். மிஸ்ஸும் கூட வந்தால், பதில் சொல்ல அந்த மாணவர் மிஸ் முகத்தைத்தான் பார்ப்பாராம். அதனால் நான் மட்டும் போக வேண்டும்.

அந்த மாணவரைப் பற்றிச் சொல்ல அவர் வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“வேணாம் மிஸ். முன்னாடியே சொன்னா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும். பார்த்தா எனக்கே தெரிஞ்சிடும்.”

பர்வீன் மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் விளங்கியது.

கடையில் மெரூன் டீ-ஷர்ட் போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். கல்லாவில் இறுக்கிப் பின்னிய ஜடையோடு ஒரு பெண். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தாடி வைத்த ஓர் இளைஞர். எக் பஃப்ஸ் கேட்டேன். அவர், “எக் பஃப்ஸ்… சொல்ப… கொஞ்சம் இருங்க மேடம்” என்று ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொல்லிவிட்டு எதையோ தேடத் தொடங்கினார். கல்லாப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அண்ணா, இடுக்கி உங்க கையிலதான் இருக்குது” என்றாள்.

எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதியை பில் மெஷின் சொன்னது. பட்டன்களில் எழுத்துக்குப் பதிலாகப் படம் ஒட்டியிருந்தார்கள். பஃப்ஸ் படம், பன் படம், கேக் படம். படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்காக எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். அந்த இளைஞர் படங்களைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். விரலை நீட்டினார், மடக்கினார், கடைசியில் எதையோ அமுக்கினார். என் ஒரு பஃப்ஸுக்குப் பிறந்தநாள் கேக் பில் வந்தது. அந்தப் பெண் வந்து அதை ரத்து செய்துவிட்டு, “நான் போடறேன், நீங்க தண்ணி பாட்டில் அடுக்குங்க” என்றாள். முதலாளி மகள் என்று முடிவு கட்டினேன். அந்த அதட்டலுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி சண்டை. நான் பிறந்ததிலிருந்து சண்டை போட்டதில்லை. ஹாஸ்டல் சாம்பாரில் கரப்பான் கால் கிடந்தபோதுகூடக் கறிவேப்பிலைக் காம்பு என்று ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டவள். முதல் நாள் ராத்திரி கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். பஃப்ஸைப் பிய்த்து நீட்டினேன்.

“என்னங்க இது? முட்டை பாதிதான் இருக்கு. மீதிப் பாதி எங்க?”

அவர் ரொம்ப யோசித்தார். “மீதிப் பாதி… இன்னொரு பஃப்ஸ்ல இருக்கு மேடம்.”

இப்படி ஒரு நேர்மையான பதிலுக்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மேஜையைத் தட்டினேன் (கை வலித்தது). முழு முட்டை வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் டம்ளரோடு வெளியே போய் நின்றுகொண்டார்கள். அவரோ இன்னொரு பஃப்ஸை எடுத்துப் பிளந்து, அதிலிருந்த பாதி முட்டையை என் தட்டில் வைத்தார். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பொருத்தியும் காட்டினார்.

என் மனசு உருகிவிட்டது. நான் கைதட்டினேன். தட்டியதோடு விட்டிருக்கலாம். குனிந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, சின்னக் குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னேன்: “தம்பீ… பயப்படாதீங்க… ரொம்ப… நல்லா… பண்ணீங்க. வெரி குட்.”

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

முதலாளி மகள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று கல்லாவுக்குப் போய்ச் சன்னமான குரலில் விளக்கினேன். நான் உண்மையான கஸ்டமர் இல்லை, அவருக்கு டெஸ்ட் வைக்க வந்திருக்கிறேன், அவர் கொஞ்சம் ஸ்பெஷல், எல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரியும் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“எங்கப்பா கம்பெனில வாட்ச்மேனுங்க. அவருக்கு என்ன தெரியும்?”

இப்போது நான் விழித்தேன். வாட்ச்மேனுக்கு எப்படிச் சொந்தமாகக் கடை? ஒருவேளை ராத்திரி வாட்ச்மேன் வேலை, பகலில் பேக்கரியோ? ஓசூரில் எல்லாரும் இரண்டு வேலை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அவள் பதறவில்லை. என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கேக் வெட்டுகிற கத்தியை மெதுவாக எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு போனில் ஒரே ஒரு பட்டனை அமுக்கிப் பேசினாள்.

“மிஸ், ஒருத்தவங்க வந்திருக்காங்க. கஸ்டமர் இல்லைன்றாங்க. அண்ணாவ ஸ்பெஷலுன்றாங்க. பாவம், பார்த்தா நல்லாத்தான் இருக்காங்க. நீங்க வாங்க.”

அந்த இளைஞர் என் எதிரே வந்து குனிந்து, சத்தமாக, கைகளை ஆட்டி ஆட்டிக் கேட்டார்: “மேடம்… உங்களுக்கு… ஒடம்பு… சரி இல்லையா?” நான் அவருக்குப் புரியட்டும் என்று, “எனக்கு… ஒண்ணும்… இல்லை… தம்பி” என்று அதே வேகத்தில் சொன்னேன். ஒருவருக்கொருவர் இவ்வளவு பொறுமையாகப் பேசிக்கொண்ட இரண்டு பேரை அந்தக் கடை பார்த்திருக்காது.

பர்வீன் மிஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்று பெருமையாக அறிவித்தேன், “பையன் பிரமாதம் மிஸ்.”

“எந்தப் பையன்?”

மிஸ் விளக்கினார். பயிற்சிக்கு வந்திருந்தது கல்லாப் பெண், பெயர் சுமித்ரா. படம் ஒட்டிய மெஷின் அவளுக்காக. தாடிக்காரர் முதலாளியின் மகன் மஞ்சுநாத். பெங்களூரிலேயே வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தட்டித் தடவித்தான் வரும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் கடையைப் பார்த்துக்கொள்ள முந்தாநாள்தான் வந்திருந்தார். டெஸ்ட் பற்றி அப்பா அவரிடம் சொல்ல மறந்துவிட்டார். எழுத்தே இல்லாத அந்த மெஷினைப் பார்த்துத் திணறியதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவமானத்தில் உடம்பே கூசியது. பிறகு சுமித்ராவின் முகத்தைப் பார்த்தேன். விஷயம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது.

“அக்கா எங்கிட்ட சண்டையே போடலையே மிஸ். அப்ப நான் பாஸ் இல்லையா?”

அதைக் கேட்டதும் என் கூச்சமெல்லாம் போய்ப் பயம்தான் மிஞ்சியது. டெஸ்ட் என்று தெரிந்துவிட்ட பிறகு அவளுக்கு மறுபடி வைக்க முடியாது. எதையும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற என் திமிரால் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது. அன்றைக்கு என்மீது எனக்கு வந்த வெறுப்பை இப்போதும் சிரிப்பாக்க முடியவில்லை.

மஞ்சுநாத் அதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் என் பக்கம் கைகாட்டிக் கைதட்டியும் காட்டினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. (கன்னடத்தில்தான்.) போனை வைத்துவிட்டுச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்.

“கஸ்டமர் எப்படின்னு அப்பா கேட்டாரு. நான் பயந்துட்டேன், உள்ள ஓடிடலாம்னு இருந்தேன்னு சொன்னேன். சுமித்ரா பயப்படல. உக்கார வச்சு, தண்ணி குடுத்து, போன் பண்ணிச்சு. பரீட்சை முடிஞ்சு வந்துடுன்னு அப்பா சொல்றாரு, சுமித்ரா.”

பர்வீன் மிஸ் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். “கஷ்டமான கஸ்டமர்தான் கேட்டேன். இவ்வளவு கஷ்டமா கேக்கல” என்றார். சுமித்ரா முகமெல்லாம் சிரிப்பாக மெஷின் பக்கம் போனாள். நான் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, ரெண்டு பஃப்ஸுக்குக் காசு.”

அடுத்த வாரம் மஞ்சுநாத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்கடுத்த வாரம் மன்னிப்பை அவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று பார்க்கப் போனேன். அதன் பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். மன்னார்குடியில் பெரிய களேபரம், பெங்களூரில் சின்னக் களேபரம், எல்லாம் ஓய்ந்து எங்கள் கல்யாணம் நடந்தது. நான் முதன்முதலில் ‘தம்பி’ என்று கூப்பிட்ட ஆளைத்தான் கட்டிக்கொண்டேன் என்பது இரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் தெரியும். இவர் வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்தாலும் மாமியார் கைதட்டி ‘வெரி குட்’ சொல்வார். நான் கோபத்தில் கத்தினால் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நெஜமா, டெஸ்ட்டா?” என்பார். பிரசவ அறையில்கூட அதைக் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

கடையை இப்போது நடத்துவது சுமித்ராதான். மெஷினில் படங்கள் அப்படியே இருக்கின்றன. இவரும் பழகிவிட்டார். போன வாரம் கடைக்குப் போனபோது பஃப்ஸ் நிஜமாகவே நமுத்துப்போயிருந்தது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சுமித்ரா, பர்வீன் மிஸ் வகுப்பிலிருந்து புதிதாக வந்திருந்த பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். பிறகு, என்னைப் பார்த்தபடியே, கேக் கத்தியை எடுத்து உள்ளே வைத்தாள்.