ராபின் ஏம்ஸுக்கு ஒரு பொன்னாடை

விழா தொடங்க அரை மணி நேரமே இருந்தது. ஓவியரைப் பற்றிய குறிப்புகளோடு வர வேண்டிய செயலாளர் ஜெயன் கழக்கூட்டம் சந்திப்பில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு போனில் கூப்பிட்டார்.

"சாறே, அறிமுக உரைய நீங்களே பேசிரணும். பேரு ராபின் ஏம்ஸ். அமெரிக்காவுல கருப்பின ஓவியர்கள்ல பெரிய ஆளாக்கும். அரூப ஓவியம்..."

அதோடு ஜெயனின் போன் அணைந்துவிட்டது.

மன்றத் தலைவர் பகவதிப்பெருமாள் கலங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். தெரிந்ததைப் பற்றி ஒரு மணி நேரமும், தெரியாததைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசக்கூடியவர். ஆப்பிரிக்க முரசு, ஜாஸ் இசை என்று இரண்டு பத்தி அப்போதே மனதில் தயாராகிவிட்டது.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பழவங்காடித் தமிழ் மன்ற அரங்குக்குள் போனார். முன்வரிசையில் வெள்ளைத்தாடியோடு ஆஜானுபாகுவான கருப்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுவரில் ஒரு படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்களைத் தொடக் கூடாது என்று ஆங்கிலத்தில் பதமாகச் சொல்லி அவளை உட்காரவைத்தார் பகவதிப்பெருமாள். அவள் ஏதோ சொல்ல வந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு தாடிக்காரரிடம் விசாரித்தார். ஆப்பிரிக்கா? போனதே இல்லையாம். ஜாஸ்? கேட்டால் தூக்கம் வருமாம். இரண்டு பத்தியும் போயிற்று. பெயிண்டுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பதினோரு வருடம் இருந்ததாகச் சொன்னார். தொண்ணூற்றெட்டில் முட்டிவலியால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம்.

சுவரில் இருந்த படங்களிலோ போன வருடத் தேதி. அதையும் பகவதிப்பெருமாள் சமாளித்தார்.

"கால் நூற்றாண்டு மௌனம்!" என்று மேடையில் தமிழில் முழங்கினார். "பட்டறையில் பிறந்த வண்ணங்கள், முட்டிவலியில் முதிர்ந்த கோடுகள்!" சபை கைதட்டியது. ஒன்றும் புரியாமல் தம்பதியரும் கைதட்டினார்கள்.

பொன்னாடையைத் தாடிக்காரருக்குப் போர்த்தினார். அவர் அதைக் கழற்றி மனைவியின் தோளில் போட்டார். என்ன பணிவு என்று பகவதிப்பெருமாள் வியந்தார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அந்த அம்மாளிடமிருந்து மெதுவாக உருவி மறுபடி அவருக்கே போர்த்தினார். அவர் மறுபடி மனைவிக்குப் போட்டார். பகவதிப்பெருமாள் மூன்றாவது முறையாகக் கையை நீட்டினார்.

காலையிலிருந்து படங்களை மாட்ட ஒத்தாசை செய்த மன்றத்துப் பணியாள் சொர்ணம்மாள், தேநீர்த் தட்டோடு அவர் காதருகே குனிந்தாள்.

"சாறே, இனி அதைப் பிடுங்காண்டாம். படம் வரஞ்சது அந்த அம்மையாக்கும்."