செஞ்சிக் கோட்டைக்கு மிதவைச் சட்டை

செஞ்சியில் கடல் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. கோட்டைச் சுற்றுலா மேம்பாட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் கோதண்டராமன் அவர்களை இந்தக் குறை ஒருநாளும் வாட்டியதில்லை. சுற்றறிக்கை வந்த பிறகுதான் வாட்டத் தொடங்கியது. சூழல் சுற்றுலாவில் சிறந்து விளங்கும் நண்டுக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தை நேரில் கண்டு, அங்குள்ள நடைமுறைகளை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

உதவியாளர் அப்பாண்டைநாதனோடு கிளம்பிப் போனார். தென்னந்தோப்பு, உப்பங்கழி, நடுவே அலையாத்திக் காடு என்று அழகான ஊர். படகு ஓட்டும் அம்மாக்கண்ணு முதல் வேலையாக இருவருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி வாரை இறுக்கினார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க சார், கொக்கு கூடு கட்டியிருக்குது" என்றார்.

கோதண்டராமன் சத்தம் போடும் நிலையில் இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. படகு அசைந்ததும் மூடிய கண்ணைக் கரை தட்டிய பிறகுதான் திறந்தார். ஆகவே நண்டுக்குப்பத்தில் அவர் முழுமையாக ஆய்வு செய்தது மிதவைச் சட்டை ஒன்றைத்தான்.

மறுவாரமே கோட்டை வாசலில் பலகை முளைத்தது. 'மிதவைச் சட்டை அணியாதோர் மலையேற அனுமதியில்லை.'

வாசலில் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்கும் கலைச்செல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

"மலைக்கு இன்னாத்துக்கு சார் இது?"

"பாதுகாப்பும்மா" என்றார் கோதண்டராமன்.

"இங்க தண்ணியே இல்லியே?"

"மலையில இதுவரைக்கும் ஒருத்தரும் மூழ்கினதில்ல. அந்தப் பேரைக் காப்பாத்த வேணாமா? அப்புறம் இன்னொண்ணு. நண்டுக்குப்பத்துல மீனவர் குழு மட்டும்தான் கடை போடலாம். நீ நாளைக்குள்ள காலி பண்ணிடு."

அந்த மோர்ப்பானையை நம்பித்தான் கலைச்செல்வியின் மகள் மோனிகா விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். தாயின் கண் கலங்குவதைப் பார்த்த அப்பாண்டைநாதன் காதோடு சொன்னான்: "அக்கா, நீங்களும் மீனவர்னு சொல்லிடுங்க. கடல் இல்லாத ஊருல மிதவைச் சட்டை இருக்கிறப்ப மீனவர் இருக்கக் கூடாதா?"

நேர்காணல் அங்கேயே நடந்தது.

"மீன் பிடிக்கத் தெரியுமா?"

"ஆஞ்சு கொழம்பு வைக்கத் தெரியும் சார்."

"தொடர்புடைய அனுபவம்" என்று கோதண்டராமன் திருப்தியடைந்தார். செஞ்சிக் கடலோர மீனவ மகளிர் குழுவின் தலைவியானாள் கலைச்செல்வி. உறுப்பினரும் அவள்தான். சட்டைகளை வாடகைக்கு விடும் பொறுப்பும் அவளிடமே வந்து சேர்ந்தது.

கத்திரி வெயிலில் மிதவைச் சட்டையோடு கோட்டையின் ராஜகிரி மலை ஏறியவர்கள் முதலில் அரசாங்கத்தைத் திட்டினார்கள். பிறகு ஒரு கல்லூரிக் கும்பல் அந்த ஆரஞ்சுக் கோலத்தில் படம் எடுத்துப் போட்டது. அவ்வளவுதான். அமாவாசைக்கு மேல்மலையனூர் வந்தவர்கள்கூட அம்மனைக் கும்பிட்ட கையோடு சட்டை மாட்ட வந்தார்கள். கல்யாண ஜோடிகள் பட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள். முக்கால்வாசிப் பேர் வாசலிலேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மலையில் வழுக்கி விழுபவர்கள் குறைந்தார்கள். இது திட்டத்தின் வெற்றியாக மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஐப்பசி மழை அந்த வருஷம் வெளுத்து வாங்கியது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு கோதண்டராமன் வீட்டுத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. மனைவி கமலாம்பாள் வீட்டுப் பரண்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக அலுவலகத்துக்குப் போன் வந்தது. அவர் நனைந்துகொண்டே கோட்டை வாசலுக்கு ஓடினார்.

"கலைச்செல்வி, சட்டை ஒண்ணு குடும்மா!"

"மலை ஏறவா சார்?"

"வீட்டுக்கு! தண்ணி இடுப்பளவு நிக்குது!"

கலைச்செல்வியின் கை சட்டைப் பக்கம் போனது. மோனிகாவின் நினைப்பு வந்ததும் நின்றது.

"மலை ஏறுறவங்களுக்குத்தான் சார் குடுக்கச் சொல்லியிருக்கீங்க. தண்ணிக்குக் குடுத்தா எங்குழுவைக் கலைச்சிடுவாங்க. மேலிடத்துல கேட்டு உத்தரவு வாங்கிட்டு வந்துடுங்க."

"நான்தாம்மா அந்த விதியைப் போட்டவன்!"

"அதான் சார் பயமா இருக்குது."

அவருக்குப் பின்னால் குடையோடு நின்ற கூட்டம் சலசலத்தது. "யோவ், வரிசையில வாய்யா! இன்னைக்குத்தான் பின்னாடி தண்ணியும் தெரியுது, போட்டோ சூப்பரா வரும்."

கோதண்டராமன் யோசித்துப் பார்த்தார். விதியில் எங்குமே ஓட்டை தென்படவில்லை. சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கமலாம்பாளை லாரி டியூபில் உட்காரவைத்து மேட்டுக்கு இழுத்து வந்து, ஆட்டோ பிடித்துக் கோட்டை வாசலில் இறக்கினார்கள். அம்மாளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கணவரைக் கண்டதும் வாய்விட்டு அழப்போகிறார் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"என்னங்க," என்றார் கமலாம்பாள், ஈரத் தலையை ஒதுக்கியபடி. "எனக்கும் ஒண்ணு மாட்டி, மலை தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க."