சுழியர் சொன்ன நல்ல வார்த்தை

ஊர்காவற்றுறையில் எந்த நல்ல உயிரைப் பற்றியும் சுழியர் ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னங்கால் கொஞ்சம் வளைவு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் மாட்டுத் தரகர். நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் மாடு வந்தால் இறங்குதுறையில் முதல் ஆளாக நிற்பார். மயிர்ச்சுழி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து, அந்த மாடு யாரை வாழவைக்கும், யாரைத் தெருவில் விடும் என்று சொல்வார். அதனால்தான் சுழியர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டார்.

அவருக்கு உலகத்தில் ஒரே பயம், நாவூறு. "நல்லதெண்டு வாய்விட்டுச் சொன்னா அது நாசமாப் போயிடும்" என்பார். மாடு எவ்வளவு திறமோ அவ்வளவு வசவு விழும். ஊருக்கு இது தெரியும். அவர் திட்டத் திட்ட ஆட்கள் முண்டியடித்து வாங்குவார்கள். புகழ்ந்த மாட்டை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

மாடு வராத பின்னேரங்களில் கல்லூரி மைதானத்துக்குப் பந்தடி பார்க்க வருவார். அங்கேயும் அதே கண்தான். விளையாடுகிறவர்களைக் குனியச் சொல்லி உச்சிச் சுழியைப் பார்ப்பார், கெண்டைக்காலை அமுக்குவார். ஒருமுறை கோல் காப்பாளனுடைய வாயைத் திறந்து பல்லையும் பார்த்தார். அவனும் பயத்தில் காட்டிக்கொண்டு நின்றான்.

அந்த அணியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் என் தம்பி ராசன். நாலு பேர் மறித்தாலும் நடுவால் புகுந்து போய்விடுவான். அவன் ஓட ஓடச் சுழியர் தலையில் அடித்துக்கொள்வார்.

"உது ஓட்டமே? சூடுபட்ட கோழியும் உதைவிட வடிவா ஓடும்!"

இப்படியிருக்க, கொழும்பிலிருந்து ஒருவர் ஆள் எடுக்க வருகிறார் என்று கதை வந்தது. அங்கே ஒரு கம்பனி, தன் அணியில் பந்தடிக்கிறவனுக்கு வேலையும் கொடுக்குமாம். அரசாங்க வேலைக்குச் சிங்களம் வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகு எங்கள் வீட்டில் எல்லா வழியும் அடைத்துக் கிடந்தது. காலுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் பாஷை கேட்கவில்லை. அப்பாவும் இல்லை. அம்மா ஊரில் இருக்கிற கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்தார். அது போதாதென்று சுழியரிடமும் போனார்.

"அண்ணை, அந்தக் கொழும்பு ஐயாவுக்குப் பக்கத்திலை இருந்து, என்ரை பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, என்னட்டை விடு. அவன் என்ரை பெடியனெல்லே!"

கொழும்பு ஐயா வந்த அன்றைக்கு ராசன் இரண்டு கோல் போட்டான். கொழும்பு ஐயா கொப்பியை விரித்து, "உங்கட ஊர்ப் பிள்ளைதானே, ஆள் எப்படி?" என்று சுழியரைக் கேட்டார். நானும் அம்மாவும் பின்னாலேயே நின்றோம். சுழியர் வாயைத் திறந்தார், மூடினார், விழுங்கினார். பழகின நாக்கு வென்றுவிட்டது.

"அவனோ? பின்னங்காலிலை பிடிப்பில்லை. உச்சிச் சுழியும் பிழை. ஏத்திக்கொண்டு போனியளெண்டால் பாதி வழியிலை படுத்திடுவான்."

"அப்ப கோல் காப்பாளன்?"

"சோக்கான பெடியன்!"

அன்றைக்குப் பந்தைக் காலுக்கு நடுவால் விட்டவன் அவன். ஆனால் ஊர்க்காரரே தன் ஊர்ப்பிள்ளையைக் குறை சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று கொழும்பு ஐயா எழுதிக்கொண்டார்.

"என்ன வேலை பாத்தனீங்கள் அண்ணை!" என்று அம்மா கத்தினார்.

"திறமெண்டு சொல்லியிருந்தா, பெடியன்ரை கால் அந்த இடத்திலேயே முறிஞ்சிருக்கும் பிள்ளை!"

கடிதம் கோல் காப்பாளனுக்குத்தான் வந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ராசன் பந்தடிக்கப் போடுகிற சப்பாத்தைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டிலில் எறிந்தான்.

அடுத்த நாள் சுழியர் வந்தார். முற்றத்தில் ராசனை நிறுத்தி, நெடுநேரம் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருசமா மாடும் மனிசரும் பாக்கிறன். உன்ரை காலைப்போல ஒரு கால் நான் காணேல்லையடா."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்லிப்போட்டன்! பிள்ளை, செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டா, கெதியா!"

காய்ந்த மிளகாயும் உப்பும் நான் கொண்டுவந்து கொடுத்தேன். தம்பியைச் சுற்றி, அந்தக் காலையும் சுற்றி, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடிக்காது என்பார்கள்.

"பாத்தியளே, ஒரு நெடியுமில்லை. அவ்வளவும் என்ரை வாயாலை வந்த நாவூறு" என்றார்.

உண்மைதான். எங்களில் ஒருவருக்கும் கண் எரியவில்லை. அவர் மட்டும் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.