நான் காலமான செய்தி குறித்து மைத்துனருக்கு

கொட்டச்சேடு,
1988 டிசம்பர், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் ஞானசுந்தரம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கு நாங்கள் இருவரும் சுகம். குறிப்பாக நான் சுகம். போன மாதம் சேலத்தில் உங்கள் காதுக்கு வேறு மாதிரி சேதி எதுவும் வந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், உங்களுக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி தாமதமில்லாமல் வரவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

விஷயம் உங்கள் அக்காளின் படிப்பைப் பற்றியது. தபால் வழியில் முதுகலை இதழியல் படிக்கலாம் என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கி அனுப்பியவர் நீங்கள் என்பதால், முறையீட்டையும் உங்களிடமே வைக்கிறேன். பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பிள்ளைகள் இல்லாத வீடு, இனி ஸ்வெட்டர் பின்னுவாள், நாலு கோழி வளர்ப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் பாடம் வந்த அன்றே அந்த நினைப்பு போய்விட்டது. செய்தி என்றால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டுமாம். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே ஆறையும் கேட்கிறாள். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த காலமெல்லாம் ஆள் வருகையையும் கூலிக் கணக்கையும் எழுதி, நூறு பேரைக் கேள்வி கேட்டவன் நான். இப்போது ஒரு கட்டு வெற்றிலைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த பாடம் செய்தியில் இரண்டு தரப்பும் இருக்க வேண்டும் என்றது. பக்கத்துத் தோட்டத்துச் சென்றாயனுக்கும் எனக்கும் வேலியோரத்துப் பலாமரத்தைப் பற்றித் தகராறு, பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்கு ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அக்காள் பேனாவை எடுத்துக்கொண்டு நேரே அந்த ஆள் வீட்டுக்குப் போய், களி தின்று, மோர் குடித்து, பொழுது சாய வந்து சொல்கிறாள்: "ஏனுங்க, அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க." நான் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். அவளும் எழுப்பவில்லை. நிருபர் எந்தப் பக்கமும் சாயக் கூடாதாம்.

இப்படியிருக்கும்போது போன மாதம் ஒரு பயிற்சி வந்தது. அதற்காக "உங்களப் பத்தி எழுதப்போறேனுங்க" என்றாள். எனக்கு, மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷம். முகச்சவரம் செய்துகொண்டேன். நடந்து வந்த பாதை, செய்த சேவை என்று பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவார்களே, அந்த வகை என்று எண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொஞ்ச நேரத்தில் எழுதி முடித்து, அதை டைப் அடிக்க ஏற்காடு கடைவீதிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். நன்கு அறிந்த ஒருவருக்கு இரங்கல் செய்தி எழுதுக என்பதுதான் பயிற்சி என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

டைப் நிலையத்துச் சாந்தாமேரியிடம் தாளைக் கொடுத்துவிட்டு இவள் காய் வாங்கப் போயிருக்கிறாள். சாந்தாமேரி தலைப்பைப் பார்த்திருக்கிறாள்: "ரைட்டர் ஞானசுந்தரம் காலமானார்." பாவம், அழக்கூட நேரமில்லாமல் பேப்பருக்குக் கொடுக்க ஓடி வந்திருக்கிறாளே டீச்சர் என்று அந்தப் பெண் வெளியே வந்து, கொட்டச்சேட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்ல, கண்டக்டர் பஸ்ஸுக்கே சொல்ல, அதே பஸ்ஸில் நம் கோயிலில் செபம் சொல்லி மணியடிக்கும் உபதேசியார் உட்கார்ந்திருக்க, வண்டி புறப்பட்டுவிட்டது. உங்கள் அக்காள் திரும்பி வந்தபோது சாந்தாமேரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பியிருக்கிறாள். இவள் என்ன நினைத்தாளாம் தெரியுமா? தன் எழுத்து அப்படி உருக்கிவிட்டது என்று நினைத்தாளாம். "அழுவாத கண்ணு, இன்னும் நல்லா எழுதுவேன்" என்று தேற்றிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

இங்கே நான் கோழிக்கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கோயிலில் துக்கமணி அடித்தது. குல்லாவைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு, போன ஆன்மாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். பிறகு மறுபடியும் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, யார் வீட்டுத் துக்கமோ, போய்த் தலைகாட்டிவிட்டு வரலாம் என்று இறங்கினேன். அன்றைக்கு மூடுபனி அப்படி. நீட்டிய கை தெரியாது. பாதை வளைவில் ஒரு கூட்டம் எதிரே ஏறி வந்தது. கூட்டம் போகிற பக்கம்தானே துக்க வீடு இருக்கும் என்று நானும் திரும்பி அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

பக்கத்தில் நடந்துவந்தது முன்பு நம் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த பாவாயி. மெல்லக் கேட்டேன்.

"யாருங்க போயிட்டாங்க?"

"நம்ம ரைட்டருங்க."

"எந்த ரைட்டரு?"

"டீச்சரம்மா ஊட்டுக்காரருங்க. நல்ல மனுசன். சிரிச்சுத்தான் பாத்ததில்ல."

மைத்துனரே, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் ஒரு குரல் கம்மிக்கொண்டு பேசியது, சென்றாயனின் குரல். "அந்தப் பலாமரத்துக்காவ எத்தன பேச்சுப் பேசிப்போட்டேன். மரம் அவரு பக்கந்தானுங்க. எனக்கு அப்பவே தெரியும். அது அவருக்கே இருக்கட்டும். டீச்சரம்மா கையில நானே சொல்லிப்போடறேன்." உண்மையாகவே மூக்கைச் சிந்தினார். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று பேசாமல் நடந்தேன்.

வீடு வந்தது. எல்லாரும் வாசலில் தயங்கி நின்றார்கள். நான் பழக்க தோஷத்தில் முன்னால் போய்க் கொண்டியை நீக்கி, குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "உள்ள வாங்க, ஏன் நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. பாவாயி கையிலிருந்த மாலை உபதேசியார் தலையில் பட்டுத் தரையில் விழுந்தது. எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சென்றாயன் மட்டும் தள்ளி நின்றார். நான் பக்கத்தில் போய், "பலாமரத்தப் பத்தி என்னமோ சொன்னீங்களே" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது நீங்க செத்ததுக்குச் சொன்னதுங்க. உசுரோட இருந்தா பேச்சு வேற" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அக்காள் வந்தாள். பனிக்குள்ளிருந்து வந்தவள் வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த மாலையைப் பார்த்தாள். காய்ப் பை கைவிட்டு விழுந்தது. "நான் எழுதுனது பலிச்சிருச்சா சாமி" என்று ஒரே குரல். ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, என்னைக் கண்டதும் முழங்கைக்கு மேலே பிடித்தாள் பாருங்கள், அந்தப் பிடி அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. நெடுநேரம் விடவும் இல்லை. இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இத்தோடு முடிந்திருந்தால் மன்னித்திருப்பேன். உபதேசியார், மாலையை எடுத்து வைத்துவிட்டு, மணியடித்தவர் என்ற முறையில் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். டைப் அடித்த தாளைக் கேட்டு வாங்கிக் கூட்டத்துக்கு முன்னால் உரக்கப் படித்தார். அதை அப்படியே தருகிறேன்: "கொட்டச்சேட்டில் நீண்ட காலம் எஸ்டேட் ரைட்டராகப் பணிபுரிந்த திரு. ஞானசுந்தரம் காலமானார். நேரம் தவறாதவர். சுடு தண்ணீரில்தான் குளிப்பார். சேலத்துக்கு அடிக்கடி போய் வந்திருக்கிறார். குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் எதுவும் இல்லை. அவருக்கு மனைவி உண்டு."

உபதேசியார் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பாவாயிதான் கேட்டாள்: "அவ்வளவுதானுங்களா?"

ஆட்கள் போன பிறகு நான் கேட்டேன். "எதனால செத்தேன்னு போடலியே?"

"அது உங்க இஷ்டம்னு உட்டுட்டேனுங்க."

"குறிப்பிடத்தக்கது ஒண்ணுமே இல்லியா?"

"நான் ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பாத்தேனுங்க. இல்லாதத எழுதக் கூடாதுன்னு பாடத்துல போட்டிருக்குது."

அதற்குப் பிறகும் அந்தத் தாளை, ஒரு எழுத்தும் மாற்றாமல், பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டாள். நானும் பொறுத்தேன். ஆனால் நேற்று அடுத்த பாடம் வந்திருக்கிறது. தலைப்பு புலனாய்வு. கட்டிலுக்கடியில் இருக்கும் என் பழைய டிரங்குப் பெட்டியை அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரிவதுதான் எனக்குப் பயம். ஆகவே மைத்துனரே, வரும் ஞாயிறு கட்டாயம் புறப்பட்டு வந்து, தம்பி என்ற உரிமையில் எடுத்துச் சொல்லி, இந்தப் படிப்பை நிறுத்திவைக்க வேண்டும். பாடப் புத்தகங்களை நீங்களே கையோடு கொண்டுபோய்விட்டால் இன்னும் உத்தமம்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்குப் பதிலாகச் சிலுவை போடவும். மாதாவின் துணை உங்கள் குடும்பத்தைவிட்டு விலகாதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு, உயிரோடு இருக்கும்,
ஞானசுந்தரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். அந்த இரங்கல் செய்தி திருத்தப்பட்டு இன்று திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: "மொழிநடை நன்று. ஆனால் மறைந்தவரின் வாழ்வில் வாசகர் மனத்தில் நிற்கும்படி ஒன்றுமில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுதி அனுப்புக." இதைப் படித்துவிட்டு உங்கள் அக்காள் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறாள்: "சென்றாயனப் பத்தி எழுதலாம்னு இருக்கறேனுங்க. அவரு சின்ன வயசுல கரடிகிட்ட மாட்டித் தப்பிச்சவரு." கரடிக்கு என்ன சாட்சி என்று கேட்டேன். முதுகில் தழும்பு இருக்கிறதாம். எனவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். படிப்பு நிற்கக் கூடாது. அவள் என்னைப் பற்றியே திரும்ப எழுதியாக வேண்டும். சென்றாயன் வீட்டுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை போவதாக இருக்கிறாள். அதற்குள் என் வாழ்க்கையில் கரடியோ, கரடிக்கு ஈடாக வேறு எதுவுமோ குறுக்கிட்டதாக உங்களுக்கு ஞாபகம் இருந்தால், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும்.