ஆலை வேண்டாம், அண்டா வேண்டும்

செம்புப் பக்தர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. தோளில் தொங்கும் பாட்டிலை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். தவறினாலும் பாதகமில்லை, அவரே சொல்லிவிடுவார். இரவெல்லாம் செம்பில் கிடந்த தண்ணீரை விடியலில் குடித்து, ஏப்பம் விட்டு, அந்த ஏப்பத்தையே மருத்துவச் சான்றாக எதிர்வீட்டுக்கு அறிவித்து, பிளாஸ்டிக் குடத்தோடு போகிறவர்களை மறித்துப் பூமித்தாய் அழுவதை விவரித்த பிறகுதான் அவருக்குப் பல் துலக்கவே நேரம் கிடைக்கும். பூமித்தாய் ஏன் இவரிடம் மட்டும் அழுகிறாள்? கேட்டுவிடாதீர்கள். மதியம்வரை பதில் வரும்.

நாகல் நகர் இருதயநாதன் இவ்வினத்தில் முற்றிய ரகம். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு பிடி செம்புக்கு வண்டி வண்டியாய் மலையை உடைக்க வேண்டும், உருக்கினால் கந்தகப் புகை, கழிவை விட்டால் ஆறு நஞ்சு என்று செம்பின் ஜாதகமே அவருக்கு அத்துப்படி. அதனால்தான் உருக்காலை எங்குமே கூடாதென்று ஊர்வலம் போனார். திரும்பும் வழியில் செம்பு அண்டா ஒன்று வாங்கிவந்தார்.

"இது என்ன மரத்துலயா காய்ச்சுச்சு?" என்றார் மனைவி ஆனந்தமேரி.

"பழைய செம்பா இருக்கும்டி. உருக்க உருக்கப் புதுசாகும், அழிவே கெடையாது."

"பழச உருக்குனா மட்டும் பொகையாதாக்கும்?"

குறுக்குக் கேள்விக்கு அவர் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இந்நிலையில் மகள் பிரிஸ்கில்லாவுக்கு ரெட்டியார்சத்திரத்தில் வரன் கூடிவந்தது. பேச வருகிறவர்களுக்குப் பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். இல்லையென்றால் சோற்றைத் தொடாமல் கிளம்பிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் கிளம்பிப் போயிருந்ததால், ஆனந்தமேரியின் உயிர் அந்த முதல் கவளத்தில் இருந்தது. இருதயநாதனின் உயிரோ கல்யாணத் தாம்பூலப் பையில்! ஆளுக்கொரு செம்பு பாட்டில், அதுவும் மறுசுழற்சிச் செம்பில். பழைய செம்பு தந்தால் மாற்றித் தருவதாகப் பாத்திரக்கடைக்காரர் சொல்லிவிட்டார். பிறகென்ன? வீட்டில் கழற்றிய வயர், ஓடாத மிக்ஸியின் கம்பிச்சுருள், தெருவெல்லாம் கேட்டு வாங்கிய மோட்டார்க் கம்பி எல்லாம் கொல்லையில் குவிந்தன. பிளாஸ்டிக் மேலுறையை உரிக்கப் பொறுமை ஏது? சம்பந்தி வீட்டாரின் கார் வாசலில் நின்ற நேரம் பார்த்துத் தீ வைத்தார். அவர்களும் கண்டு பயன்பெற வேண்டுமே!

"சம்பந்தியம்மா, செத்த நேரம் இப்படி வாங்க, மறுசுழற்சி காட்டுறேன்" என்று பையனின் தாயார் இன்னாசியம்மாளைக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

கரும்புகை முகத்தில் அறைந்தது. "ஐயோ... எனக்கு வீசிங் இருக்குங்க..." என்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு இளைத்தார்.

இருதயநாதன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அம்புட்டும் பிளாஸ்டிக் பொகை! செம்பு மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது!"

பையனின் தகப்பனார் டிரைவரைக் கூப்பிட்டார். ஆனந்தமேரி கண்ணை மூடிக்கொண்டார். அப்போது பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குளியலறை பிளாஸ்டிக் வாளியோடு ஓடிவந்தாள் பிரிஸ்கில்லா.

"தள்ளுங்கப்பா!"

பாதித் தண்ணீர் நெருப்பில் விழுந்தது, பாதி தகப்பன்மேல். அடுத்த வாளியில் தீ அடங்கியது. இன்னாசியம்மாளைத் தாங்கிக் கூட்டிப்போய் முன்னறை மின்விசிறியடியில் உட்காரவைத்து, அவர் கைப்பையிலிருந்த இன்ஹேலரைத் தேடி எடுத்து வாயில் பிடித்தாள்.

மூச்சு திரும்ப வெகுநேரமானது. திரும்பியதும் இன்னாசியம்மாள் அவள் கையை விடவில்லை.

"ஏம்மா, கல்யாணத்துக்கப்பறம் அந்த வாளியையும் கொண்டாந்துரு. ஒங்கப்பாவ மட்டும் இங்கனயே விட்டுட்டு வா. இலையப் போடச் சொல்லு, பசிக்குது."

உள்ளே சாம்பார் ஊற்றும்போது, வெளியே ஈரச் சாம்பலைக் குச்சியால் கிளறிக் கம்பி பொறுக்கிக்கொண்டிருந்தார் இருதயநாதன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பழைய சார்ஜரையும் வயரையும் காயலான் கடையில் போட்டுவிட்டு, பூமிக்கு நல்லது செய்த நிறைவோடு தூங்கினீர்களே, அவை யார் வீட்டுச் சன்னலுக்குக் கீழே எரிந்தன என்று விசாரித்தீர்களா? இருதயநாதனாவது தம் சொந்தக் கொல்லையில் எரித்தார்.