பணிவு சாரின் பாஸ்போர்ட்

“வாழ்த்துகள்! தங்கள் விண்ணப்பம் எங்கள் இதயத்தை வந்தடைந்தது” என்று கணினித் திரை சொன்னதும் பணிவு சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் நின்ற மனைவியின் கண் அதற்குக் கீழே இருந்த கட்டணத் தொகையில் நின்றது.

“என்னங்க இது? போன மாசம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நான் கட்டினதைப் போல நாலு மடங்கு பிடிச்சிருக்கான்!”

“நீ கட்டின இடத்துல உன்னை மனுஷியா மதிச்சாங்களா? ‘தகவல் தவறு. மீண்டும் முயல்க.’ அவ்வளவுதான். ஒரு ‘அன்புள்ள’ உண்டா? இங்க பாரு, பிறந்த தேதியைத் தப்பா அடிச்சதுக்குக்கூட ‘பரவாயில்லை ஐயா, யாருக்கும் நேர்வதுதான்’னு வருது.”

“நாலு மடங்கு குடுங்க, நானும் பரவாயில்லைன்னு சொல்றேன்.”

சார் காதில் வாங்கவில்லை. தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனியில், புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் அவருக்கு முப்பது வருட சர்வீஸ். மோட்டார் எரிந்துபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள், அவர் பதிலைப் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு மறுகடிதம் போடுவார்கள். சிலர் இன்னொரு மோட்டாரும் வாங்கியிருக்கிறார்கள். ‘பணிவு சார்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒரு கடையோ, ஆளோ, இணையதளமோ, நல்லதா கெட்டதா என்று அவர் அளப்பது ஒரே அளவுகோலால்தான்: பேச்சில் மரியாதை இருக்கிறதா?

இருபத்தாறாம் தேதி விமானம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். பேரனோ பேத்தியோ, முதல் அழுகையை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று சார் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் காலாவதியாகி எட்டு மாதம் ஆனதைக் கவனித்தது மட்டும் போன வாரம்தான்.

பத்து நாள் போயிற்று. ஒரு தகவலும் இல்லை. சார் விசாரித்து எழுதினார். உடனே மின்னஞ்சலில் பதில் வந்தது.

“அன்புள்ள ஐயா, தங்கள் பொறுமை எங்களை நெகிழ வைக்கிறது. அதைச் சோதிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. தங்கள் பாஸ்போர்ட் பல்லாண்டு பழுதின்றி ஓட வாழ்த்துகிறோம். விரைவுக் கட்டணம் செலுத்தக் கீழே அழுத்தவும்.”

“பாஸ்போர்ட் எங்கங்க ஓடும்?” என்றாள் மனைவி.

“உவமை! ரசிக்கணும்.” ரசித்துக்கொண்டே அழுத்தினார்.

மறுநாள் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். அம்மா ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள்.

“அப்பா, அது கவர்மென்ட் சைட்டே இல்லப்பா! பக்கத்தோட அடிக்குப் போங்க. இன்னும் கீழ. இன்னும்.”

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பக்கத்தின் அடியில், வெள்ளையில் வெளிர்சாம்பலாக, எறும்பு எழுதிய மாதிரி ஒரு வரி. ‘இத்தளம் எந்த அரசுத் துறையையும் சார்ந்ததன்று என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

“ஏமாத்தறதைக்கூட...” என்று தொடங்கிய சார், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ‘எவ்வளவு பணிவா’ என்பதை விழுங்கிக்கொண்டார்.

“நான் கிளம்பறது உறுதி” என்றாள் மனைவி. “பக்கத்து சீட்ல என் கைப்பையை வச்சுக்கறேன்.”

அரை நாள் லீவு போட்டுவிட்டு சார் பாஸ்போர்ட் ஆபீசுக்கே போனார். மூன்றாம் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வணக்கம் அம்மா. தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு...”

“நம்பர்?”

“அதாவது, நடந்தது என்னன்னா...”

“நம்பர் கேட்டேன்.”

பழைய பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னார். அந்த அம்மாள் தட்டினாள்.

“உங்க பேர்ல ஒரு விண்ணப்பம் பாதியில நிக்குது. அதை ரத்து பண்ணாம புதுசு போட முடியாது. போட்டவங்களையே ரத்து பண்ணச் சொல்லுங்க. அடுத்தது!”

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு கோபக் கடிதம் எழுத உட்கார்ந்தார் சார். ஒரு மணி நேரம் கழித்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“‘தங்கள் சேவையில் சிறு சுணக்கம் இருப்பதாக என் அற்ப அறிவுக்குத் தோன்றுகிறது’... இதுதான் கோபமா? எழுந்திருங்க.”

அவள் உட்கார்ந்து நான்கே வரி அடித்தாள். அதில் மூன்றை இங்கே அச்சில் போட முடியாது.

பதில் அடுத்த நிமிடம் வந்தது.

“அன்புள்ள ஐயா, தங்கள் கோபம் நியாயமானது. அந்நியரிடம் யாரும் கோபிப்பதில்லை. எங்களைத் தங்கள் குடும்பத்தில் ஒருவராக நினைத்ததற்கு நன்றி. ரத்துக் கட்டணம் செலுத்தக் கீழே அழுத்தவும்.”

மனைவியே ஒரு கணம் ஆடிப்போனாள். “கடைசி வரியை விட்டுட்டுப் பார்த்தா, நல்லாத்தான் எழுதறான் பாவி.”

“சொன்னேன்ல?” என்று சார் அழுத்திவிட்டார்.

நாலு நாள் கழித்து மறுபடியும் மூன்றாம் கவுண்ட்டர்.

“இப்ப ரெண்டு விண்ணப்பம் நிக்குது” என்றாள் அந்த அம்மாள். “பழசை ரத்து பண்ணல. கட்டின பணத்துல புதுசா ஒண்ணு போட்டு அதையும் பாதியில விட்டிருக்கான்.”

சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இன்னும் எட்டே நாள். வாயில் தயாராக இருந்த பணிவெல்லாம் வற்றிப்போய், “பொண்ணுக்குப் பிரசவம்மா... நான் ஒரு முட்டாள்” என்றார்.

முப்பது வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் அவர் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அது. அந்த அம்மாள் முதன்முறையாக நிமிர்ந்தாள்.

“அவன் அனுப்பின லெட்டரெல்லாம் இருக்கா?”

நீட்டினார். முதல் நாள் திரையில் வந்த வாழ்த்தையும் சேர்த்து மூன்று தாள், ஓரம் மடங்காமல், பிளாஸ்டிக் உறைக்குள்.

“இதே லெட்டரைத் தூக்கிக்கிட்டு வாரத்துக்கு முப்பது பேர் வர்றாங்க. பாதிப் பேர் அவனை நல்லவன்னு வேற சொல்றாங்க. இதை எழுதினவன் எவனோ, கைல கிடைச்சா ரெண்டு கேள்வி கேட்கணும்.” ஒரு தாளைத் தள்ளினாள். “இங்க புகார் எழுதுங்க. ரெண்டு வரி. கதை வேணாம். இங்க கையெழுத்து. போட்டோவுக்கு அங்க போங்க. சிரிக்காதீங்க.”

பதினோரு நிமிடம். ஒரு ‘அன்புள்ள’ இல்லை, ஒரு ‘தயவுசெய்து’ இல்லை. சரியான கட்டணம், சரியான ரசீது. ஐந்தாம் நாள் பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துவிட்டது. போட்டோவில் சார் அழுதுவிடுகிற மாதிரி இருந்தார்.

“இதுதான் உங்க நிஜ முகம்” என்றாள் மனைவி. ஆனாலும் தன் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் கம்பெனியில் சார் மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். பெரிய மேசையில்லை. ஒரு பேனா ஸ்டாண்டு, ஒரு மேசைக் கடிகாரம். அவர் எழுதிய கடிதங்களில் நல்லதாக நூறைப் போன வருடம் மேனேஜர் யாரோ வெளியாளுக்கு மாதிரிக்கென்று விற்றபோது, சாரின் பங்காக வந்த கடிகாரம் அது. கணினி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தபடி அவர் சொல்வார். டைப்பிஸ்ட் பெண் அடித்து அனுப்பிவிடுவாள். சொல்லி முடித்ததை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. அடுத்த மோட்டார் எரிந்திருக்கும்.

அந்தப் பெண்ணிடம் கதை முழுவதையும் சொல்லி, பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

“படிச்சுப் பாரும்மா. மனுஷனை எப்படியெல்லாம் உருக்கறான்! அந்தக் கவுண்ட்டர் அம்மா சொன்னதுதான் சரி. இதை எழுதினவன் மட்டும் என் கைல கிடைச்சான், பணிவாவது ஒண்ணாவது, செவுள்ல ரெண்டு வச்சுட்டுத்தான் பேசுவேன்!”

அவள் முதல் தாளைப் படித்தாள். இரண்டாவதைப் பாதி படித்தாள். மூன்றாவதைப் படிக்காமலே மேசைக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மெதுவாக உறைக்குள் திருப்பிப் போட்டாள்.

“சார், ‘மோட்டார்’னு இருந்த இடத்துல ‘பாஸ்போர்ட்’னு மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்... மத்தபடி நீங்க கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லச் சொல்ல, இதை டைப் அடிச்சதே நான்தானே சார்!”